30 சதவீதம் 26 ஆன கதை: பெரிய டெக் நிறுவனங்களும் போட்டிச் சட்டமும்

கேள்வியின் சாரம் இது: கூகுளையும் வாட்ஸ்அப்பையும் யாரும் யாரையும் மிரட்டிப் பயன்படுத்த வைக்கவில்லை. பெரும்பாலான சேவைகள் இலவசம், தரத்திலும் குறையில்லை. அப்புறம் ஏன் அரசுகள் வரிசையாக இந்த நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கின்றன? விதித்த அபராதங்களால் ஏதாவது மாறியிருக்கிறதா? சந்தா வாங்கி ஒரு சிறு செயலியை நடத்துகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் தலைவலி, ஆகையால் பதிலின் பெரும்பகுதியும் அதற்கே போகும்.

பெரிதாக இருப்பது இந்தியச் சட்டப்படி குற்றமே இல்லை. 1969ஆம் ஆண்டின் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறுவனத்தின் அளவையே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அதன் இடத்துக்கு வந்த 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அந்தப் பார்வையைக் கைவிட்டுவிட்டது. ஆதிக்க நிலையில் இருக்கும் ஒரு நிறுவனம் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டுமே இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு குறுக்கே வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே தேடுபொறியை நாடுகிறார்கள், அது நன்றாக இருப்பதால் நாடுகிறார்கள் என்றால், இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் அதில் தலையிட ஒன்றுமே இல்லை. வெற்றி பெற்றவர்களைத் தண்டிக்கிறார்கள் என்ற புகார் இந்தச் சட்டத்தைப் படிக்காதவர்கள் சொல்வது.

சரி, எது தவறான பயன்பாடு? வாரச்சந்தையை ஏலத்தில் எடுத்த குத்தகைதாரரை நினைத்துக்கொள்ளுங்கள். சுங்கம் வசூலிப்பது அவருடைய உரிமை, அதில் தகராறு கிடையாது. அவரே சந்தைக்குள் ஒரு கடை போட்டு, வாசலை ஒட்டிய இடத்தைத் தனக்கே வைத்துக்கொள்கிறார். மற்ற வியாபாரிகளின் அன்றாட விற்பனைக் கணக்கைப் பார்த்து எது ஓடுகிறதோ அதையே தானும் விற்கிறார். வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் தன் கல்லாப்பெட்டி வழியாகத்தான் போக வேண்டும் என்கிறார். உலகெங்கும் நடக்கும் டிஜிட்டல் போட்டி வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். தேடல் முடிவுகளில் தன் சேவையை முன்னால் காட்டினார் என்பது முதல் வகை. தன் தளத்தில் விற்கும் வணிகர்களின் தரவை வைத்து அவர்களோடே போட்டியிட்டார் என்பது இரண்டாவது. செயலிக் கடையில் தன் கட்டண முறையைத் திணித்தார் என்பது மூன்றாவது.

வேறு சந்தைக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். காகிதத்தில் போகலாம்தான். வாட்ஸ்அப்பைவிட நல்ல செயலி நாளை வந்தாலும் உங்கள் சித்தப்பாவும் குடியிருப்போர் சங்கமும் பள்ளிக்கூடக் குழுவும் வாட்ஸ்அப்பில் இருக்கும் வரை நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள். ஆட்கள் சேரச் சேரச் சேவையின் மதிப்பு கூடுகிறது. மதிப்பு கூடக் கூட ஆட்கள் வெளியேறுவது கடினமாகிறது. இதற்கு மேல் இன்னொரு பூட்டும் இருக்கிறது. போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உள்ளே இருக்கும் அமைப்பைப் பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. இந்தச் சோம்பலுக்கு என்ன விலை என்பது அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் கூகுள் மீது தொடுத்த வழக்கில் அம்பலமானது. போன்களிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது. சஃபாரி உலாவி வழியாக வரும் தேடல் விளம்பர வருவாயில் 36 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது என்பதும் சாட்சியத்தில் வெளிவந்தது. 2023 அக்டோபர் இறுதியில் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை வாஷிங்டன் நீதிமன்றத்தில் அமர்ந்து, சேவை நன்றாக இருப்பதால்தான் மக்கள் வருகிறார்கள் என்ற தம் நிறுவனத்தின் தரப்பைச் சொன்னார். சேவை நன்றாக இருக்கிறது என்பதை வழக்கை விசாரித்த நீதிபதி அமித் மேத்தாவும் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஒப்பந்தங்கள் போட்டியாளர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டன என்று 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார்.

இலவசம் என்ற வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். தேடுகிறவருக்கு இலவசம், விளம்பரம் செய்கிறவருக்கு இலவசம் இல்லை. செயலியை இறக்குகிறவருக்கு இலவசம். அதை எழுதியவருக்கு இல்லை. அவர்கள் கட்டும் தொகை கடைசியில் பொருளின் விலையிலோ சந்தாத் தொகையிலோதான் ஏறுகிறது.

இனி இந்தியக் கதைக்கு வருகிறேன். அதன் முதல் அத்தியாயத்தில் ஒரு சென்னை நிறுவனம் இருக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி டாட் காம் 2012இல் கூகுளின் தேடல் நடைமுறைகள் பற்றிப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. நுகர்வோர் அமைப்பான கட்ஸ் நிறுவனமும் தனியாக ஒரு புகார் கொடுத்திருந்தது. தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரி 8 அன்று. அபராதம் 135.86 கோடி ரூபாய். விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பெட்டியைத் தூக்கி நிறுத்தியது போன்ற சில விஷயங்களில் கூகுள் மீது தவறு கண்ட ஆணையம், விளம்பரச் சொல் ஏலம் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் ஜெயித்தார் என்பதை விட்டுவிட்டு அந்த ஆறு ஆண்டுகளைப் பாருங்கள். 2012இல் இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்கள் சிறுபான்மை. 2018இல் ஜியோ வந்து, டேட்டா விலை சரிந்து, தேடல் என்பதே கணினியிலிருந்து கைபேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆணையம் தீர்ப்பு எழுதிய சந்தை அப்போது பழைய சந்தையாகிவிட்டிருந்தது.

அடுத்தது ஆண்ட்ராய்டு வழக்கு. இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய 95 சதவீதம் ஆண்ட்ராய்டு. போன் தயாரிப்பாளருக்கு ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் தேடல், குரோம், யூடியூப் என்று மொத்தக் கட்டையும் சேர்த்தே பதிய வேண்டும், ஆண்ட்ராய்டைத் தன் விருப்பப்படி மாற்றிய போன் ஒன்றையும் விற்கக் கூடாது என்று ஒப்பந்தங்கள் கட்டியிருந்தன. 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று பத்து உத்தரவுகளையும் போட்டது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. ஒரு வாரத்துக்குள்ளேயே கூகுள் இறங்கிவந்தது: தயாரிப்பாளர்கள் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம், பயனர் தன் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29 அன்று அபராதத்தை அப்படியே நிலைநிறுத்தியது. ஆனால் பத்து உத்தரவுகளில் நான்கை நீக்கிவிட்டது. மாற்றுச் செயலிக் கடைகளை ப்ளே ஸ்டோர் வழியாகவே விநியோகிக்க அனுமதிக்க வேண்டும் என்பது நீக்கப்பட்டவற்றில் ஒன்று. கூகுளைப் பொறுத்தவரை அந்த ஒரு வரி 1,337 கோடியைவிட மதிப்புள்ளது என்பது என் கணிப்பு. பத்திரிகைகள் அபராதத் தொகையைத் தலைப்பில் போட்டன. நீங்கிய வரிகளை உள்பக்கத்தில்கூடப் பலர் போடவில்லை.

இப்போது கல்லாப்பெட்டி. ப்ளே ஸ்டோரில் செயலி வைத்திருப்பவர் டிஜிட்டல் பொருளையோ சந்தாவையோ விற்றால் கூகுளின் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும், அதற்கு 15 முதல் 30 சதவீதம் கமிஷன் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆண்ட்ராய்டு தீர்ப்பு வந்த ஐந்தாம் நாளே, 2022 அக்டோபர் 25 அன்று, ஆணையம் இதற்காக 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வேறு கட்டண முறைகளைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. கூகுள் பணிந்தது. எப்படிப் பணிந்தது என்பதில்தான் சாமர்த்தியம். வேறு கட்டண முறை வைத்துக்கொள்ளுங்கள், 4 சதவீதப் புள்ளி குறைத்துக்கொள்கிறோம் என்றது. 30 கட்டியவர் இனி 26, 15 கட்டியவர் 11. அந்த நாலில் பேமென்ட் கேட்வே (பணத்தை வாங்கித் தரும் இடைச் சேவை) கட்டணத்தைக் கொடுத்து, பணம் திருப்பித் தரும் வேலையைப் பார்த்து, மோசடிப் புகார்களுக்குப் பதில் சொல்லி, இரண்டு முறைகளையும் செயலிக்குள் பராமரிக்கவும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலோருக்குக் கையில் மிஞ்சுவது சொற்பம்.

இது இந்தியாவுக்கென்று யோசித்த தந்திரமும் அல்ல. செயலிக்குள் கட்டண முறையைத் திணிப்பதைத் தடைசெய்து உலகிலேயே முதலில் சட்டம் இயற்றிய நாடு தென்கொரியா, ஆண்டு 2021. அங்கேயும் கூகுள் 4 புள்ளிதான் குறைத்தது. நெதர்லாந்தில் டேட்டிங் செயலிகளுக்கு மாற்றுக் கட்டண முறையை அனுமதிக்கும்படி அந்நாட்டு ஆணையம் ஆப்பிளுக்கு உத்தரவிட்டது. 2022 தொடக்கத்தில் வாரம் 50 லட்சம் யூரோ என்று அபராதம் ஏறி 5 கோடி யூரோவில் நின்றது. ஆப்பிள் தன் கமிஷனை 30இலிருந்து 27 ஆக்கியது. அமெரிக்காவில் கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில், வாங்குபவரை வெளி இணைப்புக்கு அனுப்புவதைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகும், வெளி இணைப்பு வழியாக நடக்கும் விற்பனைக்கு அதே 27 கேட்டது. கார்டு நிறுவனங்களுக்கு 3 போனால் மொத்தம் பழைய 30தான். நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ராஜர்ஸ் 2025 ஏப்ரல் 30 அன்று இதை நீதிமன்ற அவமதிப்பு என்றே தீர்ப்பளித்தார். குற்ற வழக்கு தொடரலாமா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பிவைத்தார். நான்கு நாடுகள், இரண்டு நிறுவனங்கள், ஒரே கணக்கு. "கட்டண முறையைத் திணிக்காதே" என்று எழுதும் உத்தரவு, மாற்று முறையின் மேல் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அதன் ஆயுள் ஒரு நாள்தான்.

இந்தியாவில் இதன் தொடர்ச்சி சென்னையிலேயே நடந்தது. மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் புதிய கமிஷனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம், சிவில் வழக்காகத் தொடர முடியாது என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி மனுக்களை நிராகரித்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சும் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றத்திலும் இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் வெளிப்படையாகக் கண்டித்து, பேச்சுவார்த்தை நடந்து, சில நாள்களில் செயலிகள் திரும்பிவந்தன. சட்டம், ஆணையம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் ஓடிய விவகாரத்தில் உடனடிப் பலன் தந்தது ஓர் அமைச்சரின் அழைப்பு. பலர் கைதட்டினார்கள். எனக்கு அது கவலையாகத்தான் இருந்தது. அமைச்சரை எட்ட முடிந்த பத்து நிறுவனங்களுக்குக் கிடைத்த நிவாரணம், எட்ட முடியாத பதினோராவது நிறுவனத்துக்குக் கிடைக்காது. அதே மார்ச் மாதம் 15ஆம் தேதி, இந்தக் கமிஷன் முறை குறித்துப் புதிதாக விசாரிக்க ஆணையம் உத்தரவிட்டது.

கூகுளின் தரப்பையும் சொல்லியாக வேண்டும், அதில் சாரம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான செயலிகள் அதற்கு ஒரு பைசாவும் கொடுப்பதில்லை; 15 சதவீதத்துக்கு மேல் கட்டும் இந்திய நிறுவனங்கள் 60க்கும் குறைவு என்று அது 2024இல் சொன்னது. ப்ளே ஸ்டோரைப் பாதுகாப்பாக வைத்திருக்கவும் உலகம் முழுக்க விநியோகிக்கவும் செலவாகிறது என்பதும் உண்மை. செலவாகிறது என்பதால் கட்டணம் வாங்கலாம். போட்டியே இல்லாத இடத்தில் அந்தக் கட்டணம் 15ஆ, 30ஆ, 3ஆ என்பதை ஒருதலையாக நிர்ணயிப்பதுதான் வழக்கு.

அந்த 936.44 கோடி என்ன ஆனது? 2025 மார்ச் 28 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தவறு நடந்தது என்பதை ஓரளவு ஏற்றுக்கொண்டே அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. காரணம், தவறு நடந்த தொழிலிலிருந்து வந்த வருவாயை மட்டுமே அபராதத்துக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு நிலைப்பாடு. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2024இல் ஈட்டிய வருவாய் 35,000 கோடி டாலர். அதன் முன்னால் 216 கோடி ரூபாயை வைத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்யத்தான் 2023இல் போட்டிச் சட்டத்தைத் திருத்தி, நிறுவனத்தின் உலகளாவிய மொத்த வருவாயை வைத்து அபராதம் கணக்கிட வழிசெய்தார்கள். 2024 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறது. அபராதத்தைக் கூட்டினால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. தொகை பெரிதானால் வழக்கறிஞர் படையும் பெரிதாகும், வழக்கும் நீளும்.

உண்மையான சிக்கல் காலம். ஐரோப்பிய ஆணையம் கூகுளின் ஷாப்பிங் தேடல் பற்றி விசாரணை தொடங்கியது 2010இல். 242 கோடி யூரோ அபராதம் விதித்தது 2017இல். ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2024 செப்டம்பர் 10 அன்று. இதற்கிடையில் விலை ஒப்பீட்டு இணையதளங்கள் பல இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. இந்தியாவில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீதான விசாரணைக்கு ஆணையம் உத்தரவிட்டது 2020 ஜனவரியில். கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே தடை விதித்தது. தடை விலகி, சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டப்பட்டது என்று விசாரணை அறிக்கை வந்தது 2024 ஆகஸ்டில். அதற்குப் பிறகும் வழக்குகள் பல உயர் நீதிமன்றங்களில் சிதறி, உச்ச நீதிமன்றம் அவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஐந்தாண்டில் எத்தனை சிறு விற்பனையாளர்கள் கடையைக் கட்டினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. சீனாவில் அலிபாபா மீதான விசாரணை 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஏப்ரலில் 1,820 கோடி யுவான் அபராதத்தோடு முடிந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து ஏங்குகிறவர்கள் உண்டு. மேல்முறையீடு செய்ய யாரும் துணியாத இடத்தில் வேகம் தானாக வரும். அந்தப் பண்டம் நமக்கு வேண்டாம்.

தாமதத்தின் விலைக்கு இன்னும் தெளிவான உதாரணம், முன்பு பேஸ்புக் என்ற பெயரில் இருந்த மெட்டா மீதான வழக்கு. இன்ஸ்டாகிராமில் 13 பேர் வேலை பார்த்தபோது, 2012இல், பேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2014இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. வளரும் முன்பே போட்டியாளர்களை விலைக்கு வாங்கினார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது 2020 டிசம்பரில். 2025 நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அதைத் தள்ளுபடி செய்தார். டிக்டாக்கும் யூடியூபும் நிறைந்த இன்றைய சந்தையில் மெட்டாவுக்கு ஏகபோகம் இருக்கிறது என்று நிரூபிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். இன்றைய நிலவரப்படி அவர் சொன்னது தவறில்லை. வழக்கு எட்டு ஆண்டு முன்னால் வந்திருக்க வேண்டும். நம் ஊரில் அந்த வாட்ஸ்அப் விற்பனையை ஆணையத்தின் பார்வைக்கே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் வாட்ஸ்அப்பின் இந்திய வருவாய் அற்பம். 2024 செப்டம்பர் முதல், வருவாய் எவ்வளவாக இருந்தாலும், பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால் அனுமதி வாங்க வேண்டும். 2023 திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பத்தாண்டு தாமதமாக வந்திருந்தாலும்.

ஆகவேதான் உலகம் முன்கூட்டியே விதி எழுதும் முறைக்கு நகர்கிறது. தவறு நடந்த பின் நிரூபித்துத் தண்டிப்பதற்குப் பதில், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இன்னின்னதைச் செய்யக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ் (டிக்டாக்கின் தாய் நிறுவனம்), மெட்டா, மைக்ரோசாப்ட் ஆகிய ஆறையும் வாயிற்காவலர்கள் என்று அறிவித்தது. 2024 மார்ச் 7 முதல் அவை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. பிரிட்டனும் ஜப்பானும் தங்கள் பாணியில் 2024இல் சட்டம் இயற்றின. ஐரோப்பாவில் பலன் கலவையானது. ஐபோனில் மாற்றுச் செயலிக் கடை என்பது அங்கே இன்று நடப்பு. முன்பு கற்பனை செய்திருக்க முடியாது. அதற்கும் ஆப்பிள் நிறுவல் ஒன்றுக்கு அரை யூரோ என்று ஒரு புதுக் கட்டணம் கண்டுபிடித்தது. 2025 ஏப்ரலில் வேறொரு விதிமீறலுக்காக 50 கோடி யூரோ அபராதமும் வாங்கிக்கொண்டது. மறுபக்கம், மெட்டாவின் த்ரெட்ஸ் என்ற சமூக ஊடகச் செயலி ஐரோப்பாவுக்கு ஐந்து மாதம் தாமதமாகத்தான் வந்தது. புதிய வசதிகள் காலதாமதமாக வருவது இந்த முறையின் உண்மையான செலவு. அதை மறைப்பதில் பயனில்லை.

இந்தியாவிலும் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் இதையே பரிந்துரைத்தது. அரசு அமைத்த குழு 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. அதற்குப் பின் அது நகரவில்லை. 2025 முடியும் வரை நாடாளுமன்றத்தில் அறிமுகமாகவில்லை. வரைவு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை, வரைந்த விதத்தில்தான் இருக்கிறது. இந்திய வருவாய் 4,000 கோடி ரூபாய், இந்தியாவில் 1 கோடி பயனர்கள் என்பன போன்ற அளவுகோல்களைத் தாண்டினால் நிறுவனம் வலைக்குள் வந்துவிடும். ஐரோப்பா வைத்திருக்கும் எல்லை மாதம் 4.5 கோடி பயனர்கள், அதாவது அவர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒன்று. 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் 1 கோடி என்பது நூறில் ஒன்றுகூட இல்லை. உணவு கொண்டுவரும் செயலியும் ஆண்ட்ராய்டும் ஒரே சட்டியில் விழும். எல்லாரையும் பிடிக்கும் வலையில் பெரிய மீன் தப்புவதற்கு வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ளும்; நடுத்தர மீன்தான் மாட்டும். இயங்குதளம், செயலிக் கடை, தேடல் என்ற மூன்றோடு தொடங்கி, பயனர் எல்லையைப் பத்து மடங்கு உயர்த்தி, கமிஷன் விஷயத்தில் அந்த நான்கு நாடுகளின் அனுபவத்தை விதியாகவே எழுதினால் போதும் என்பது என் கருத்து. அதோடு ஆணையத்துக்குப் பொறியாளர்களும் தரவு வல்லுநர்களும் வேண்டும். தேடல் முடிவு ஏன் அந்த வரிசையில் வந்தது என்பதை நிறுவனம் சொல்லும் விளக்கத்தை வைத்தே சரிபார்க்கும் நிலை நீடிக்கக் கூடாது.

விதி எழுதினால் மட்டும் நடந்துவிடாது என்பதற்கு யுபிஐ சாட்சி. எந்தச் செயலியும் பரிவர்த்தனைகளில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2020 நவம்பரிலேயே அறிவித்தது. போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறக்குறைய 80 சதவீதத்தை வைத்திருக்கின்றன. கெடு 2022 இறுதியிலிருந்து 2024 இறுதிக்கும், அங்கிருந்து 2026 இறுதிக்கும் தள்ளிப்போயிற்று. பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கானவர்களிடம் வேறு செயலிக்குப் போங்கள் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. சந்தை சாய்ந்து முடிந்த பிறகு அதை நிமிர்த்துவது அவ்வளவு கடினம்.

கடைசிக் கேள்வி, சிறு செயலி நடத்துகிறவருக்கு. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்கு 2022 ஜனவரி முதல் ப்ளே ஸ்டோர் கமிஷன் 15 சதவீதம். மாற்றுக் கட்டண முறையை வைத்தால் 11. சந்தாதாரர்களில் பெரும்பாலோர் யுபிஐயில் கட்டுகிறார்கள், பணம் திருப்பிக் கேட்போர் குறைவு என்றால் மாற்று முறை கொஞ்சம் மிச்சம் தரலாம்; இல்லாவிட்டால் அந்த அலைச்சல் வேண்டாம். உங்கள் இணையதளத்தில் சந்தா விற்க எந்தத் தடையும் இல்லை. அங்கே வாங்கியவர் செயலியில் அந்தக் கணக்கோடு நுழையலாம். புகார் கொடுக்க நேரிட்டால், பாதிக்கப்பட்டவர்தான் போட்டி ஆணையத்தை அணுக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஊபர், ஓலா கட்டணம் பற்றிய வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. உங்கள் தொழில்முனைவோர் சங்கமே கொடுக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று காரணம் காட்டிக் கேட்கவும் விதிகளில் இடம் இருக்கிறது. செயலி அந்தக் கடையில்தான் இருக்கப் போகிறது என்பதால் இது முக்கியம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, தவறு நடந்து மூன்று ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆகவே கமிஷன் மாற்றம், செயலி நிராகரிப்பு, தேடலில் கீழிறக்கம் பற்றி வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் தேதியோடு சேமித்துவையுங்கள். அந்த மூன்று ஆண்டை முதல் மின்னஞ்சலின் தேதியிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.